உப்புப் பீப்பாயோடு ஒரு புனிதர்: சால்ஸ்பர்க் தாலர் கிடைத்த கதை

முனிச்சில் வேலை பார்த்தபோது ஒரு நாணயச் சந்தையில் இந்தத் தாலரை, அதாவது அந்தக் கால ஜெர்மன் நாடுகளின் பெரிய வெள்ளிக்காசை, வாங்கினேன். இன்றைய ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க்கின் பேராயர் மேக்ஸ் காண்டோல்ஃப் (பதவியில் 1668–1687) அடித்தது. பேராயர் என்றால் பூசை வைப்பதோடு முடியவில்லை; நாடு, வரி, தண்டனை, காசு அடிக்கும் அக்கசாலை எல்லாம் அவர் கையில்.

விளிம்பில், கோத்துப் போட வளையக் காது பற்றவைத்த தழும்பு இருக்கிறது. யாரோ கழுத்தில் போட்டிருக்கிறார்கள், நம் காசுமாலை போல. அதனால்தான் விலை என் பைக்கு இறங்கி வந்தது. ஒரு பக்கம் குழந்தை ஏசுவோடு மரியாள். மறுபக்கம் சால்ஸ்பர்க்கின் காவல் புனிதர் ரூபர்ட், கூடவே ஏதோ உருண்டையாக. மத்தளம் என்று நினைத்தேன். விற்றவர் சிரித்துவிட்டார்: “உப்புப் பீப்பாய். ஜெர்மனில் சால்ஸ் என்றாலே உப்புதானே!”

அப்புறம் சால்ஸ்பர்க்கை அடுத்த ஹாலைன் ஊர்ப் பக்கத்து டியூர்ன்பெர்க் உப்புச் சுரங்கத்துக்குப் போனேன். வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டு மரச்சறுக்கில் கீழே அனுப்புகிறார்கள். அங்கே உப்பு வெட்டியவர்தான் யோசெப் ஷைட்பெர்கர். கத்தோலிக்கப் பேராயரின் நாட்டில் லூத்தரன் (புராட்டஸ்டன்ட்) நம்பிக்கையை விடமாட்டேன் என்றதற்காக, இதே பேராயர் காலத்தில், 1686 வாக்கில் நாடு கடத்தப்பட்டார். அவருடைய பெண் குழந்தைகளை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பீப்பாயைப் பார்த்தால் ரூபர்ட்டைவிட இவர்தான் நினைவுக்கு வருகிறார்.

மறுமொழி:
லூத்தரன்களின் பெரிய வெளியேற்றம் அதற்குப் பிறகுதான். 1731 அக்டோபர் 31 தேதியிட்ட ஆணை, பேராயர் ஃபிர்மியானுடையது. நிலமில்லாதவர்களுக்கு வெறும் 8 நாள் கெடு! கிட்டத்தட்ட 20,000 பேர் கிளம்பினார்கள். பெரும்பாலோரைப் பிரஷ்ய மன்னர் கிழக்குப் பிரஷ்யாவில் குடியேற்றினார். அவர்கள் நினைவாக 1732இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் செய்த வெள்ளித் திருகுப் பதக்கம் ஒன்றை ஏலத்துக்கு முந்தைய பார்வையில் கையில் வாங்கினேன். டப்பா மூடிபோலத் திருகினால் உள்ளே வண்ணம் தீட்டிய வட்டக் காகிதப் படங்கள், மூட்டை முடிச்சோடு நடக்கும் குடும்பங்கள். காகிதம் கிழிந்துவிடுமோ என்று பயந்து இரண்டு படத்தோடு மூடிவிட்டேன். விலையைக் கேட்கவே இல்லை.

மறுமொழி:
என்னிடமும் காண்டோல்ஃப் தாலர் ஒன்று உண்டு. சூனியக்கார யாக்கல் என்று பேர்பெற்ற ஒருவனின் கூட்டாளிகள் என்று பலரைப் பிடித்து விசாரித்த சூனிய வழக்குகளும் அவர் காலத்தில் தொடங்கியவைதான். 1675 முதல் 1690 வரை நூறு பேருக்கு மேல் கொன்றார்கள். பாதிக்கு மேல் பிச்சையெடுத்துத் திரிந்த சிறுவர்களும் இளைஞர்களும். இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. “மாதா படம் இருந்தால் என்ன, பூஜையறைப் பக்கம் வராதே” என்றுவிட்டாள் மனைவி. சரி, இப்போது பீரோவில் இருக்கிறது.