‘ஐஷ்’ என்றால் ரொட்டியா, சோறா?

நைல்கரை:
வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள், அரபியில் ‘ஐஷ்’ என்றால் சோறு என்று அடித்துச் சொல்கிறார்கள். தவறு. கெய்ரோவில் எந்தக் கடையில் கேட்டாலும் ஐஷ் என்பது ரொட்டிதான். தவிடு ஒட்டிக்கொண்டு உப்பி வரும் ‘ஐஷ் பலதி’. ‘அக்ல் ஐஷ்’ என்றால் பிழைப்பு. 2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் மக்கள் முழங்கியது ‘ஐஷ், சுதந்திரம், சமூக நீதி’. அவர்கள் சோறு கேட்டா திரண்டார்கள்?

பாலைக்காற்று:
நண்பரே, குவைத்தில் மதியம் மீனோடு தட்டில் வருவது ஐஷ், ரொட்டிக்கு ‘குப்ஸ்’. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பேச்சைத் தவறு என்று சொல்ல நாம் யார்? ஐஷ் என்பதன் வேர்ப்பொருள் வாழ்தல். ஆயிஷா என்ற பெயரும் அந்த வேரில் பிறந்ததுதான். உயிர் வாழ உண்பதையும் அச்சொல் குறிக்கும் என்று பழைய அகராதிகளே சொல்கின்றன. எகிப்தில் கோதுமை விளைந்தது. ரொட்டி ஐஷ் ஆயிற்று. வளைகுடாவில் நெல்லுக்கு ஏது தண்ணீர்? பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு இந்தியத் துறைமுகங்களுக்கு வந்த பாய்மரக் கப்பல்கள் அரிசியோடு திரும்பின. சோறு ஐஷ் ஆயிற்று. சூடானில் சோளத்துக்கும் இதே பெயர். இதில் எது அசல், எது பிழை?

வேர்த்தேடல்:
இதற்கு இணையான ஒன்று: அரபியில் ‘லஹ்ம்’ இறைச்சி, எபிரேயத்தில் ‘லெஹெம்’ ரொட்டி. அதனால் ஒரே பெத்லகேம், எபிரேயம் அறிந்தவருக்கு ரொட்டி வீடு; ‘பைத் லஹ்ம்’ என்னும் அரபியருக்கு இறைச்சி வீடு. பாலைக்காற்று சொல்வதே சரியென்று படுகிறது.

நைல்கரை:
அவசரப்படாதீர்கள். சிரியாவிலும் லெபனானிலும் ரொட்டி இல்லாமல் சாப்பாடே கிடையாது. ஆனாலும் அவர்கள் சொல்வது ‘குப்ஸ்’தான். முக்கிய உணவுக்கெல்லாம் ஐஷ் என்ற பெயர் வந்துவிடும் என்றால் அங்கே ஏன் வரவில்லை? ஜித்தாவிலோ ஐஷ் ரொட்டியைத்தான் குறிக்கிறது. சவூதியின் கிழக்குக் கரைக்குப் போனால் சோறு. ஒரே நாட்டுக்குள் இந்தப் பிளவை உங்கள் கோதுமை, நெல் கணக்கு முழுதாக விளக்காது. எந்த ஊர் எந்த ஊரோடு கலந்து பேசியது என்றும் பார்க்க வேண்டும்.

பாலைக்காற்று:
ஊர்க்கலப்பை நான் மறுக்கவில்லை. முக்கிய உணவு எல்லா ஊரிலும் அந்தப் பெயரைப் பெறும் என்றும் நான் சொல்லவில்லை. பெயர் போய் ஒட்டிய இடங்களைப் பாருங்கள்: ரொட்டி, சோறு, சோளம். எல்லாம் வயிற்றை நிரப்பும் தானியம். தொடுகறியை ஐஷ் என்று அழைக்கும் ஓர் அரபு ஊரைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.