ஐயா சதாபிஷேகம் – வேலைக் குழு

உமையாள்: கவர் எழுதுற பையன் சாயங்காலம் வர்றான். தெருவுல விக்க வர்றவங்க பட்டியல் யாருகிட்ட இருக்கு? ஒருத்தரையும் விடக்கூடாதுன்னு ஐயா ரெண்டு தடவை சொல்லிட்டாங்க

பழனியப்பன்: என்கிட்ட. 15 பேர். கீரைக்காரி 2, காய்காரி 2, மோர்க்காரி, பூக்காரி, மீன்காரி, கோலமாவுக்காரி, நுங்குக்காரி. ஆம்பளைங்க உப்பு, வளையல், ஜவுளி மூட்டை, ஐஸ், பாத்திரம், பழைய பேப்பர்

மெய்யம்மை ஆச்சி: 9 சேலை 6 வேட்டி

முத்தையா பெரியப்பச்சி: பழனி, கவர்ல 'காரி' போடாதே. வாசல்ல நாம கூப்பிடுறது 'கீரைக்காரம்மா'. 'காரர்', 'காரம்மா'ன்னா மரியாதை இருக்கு. எழுத்துல 'காரி'ன்னு வந்தா கையில வாங்கிப் படிக்கிறவங்களுக்குச் சுருக்குன்னு தைக்கும். பேரைப் பெருசா எழுதச் சொல்லு, தொழில் கீழே சின்னதா இருக்கட்டும். கீரை ரெண்டு பேர், காய் ரெண்டு பேர் இருக்காங்க. பேர் இல்லேன்னா கவர் கை மாறிடும்.

பழனியப்பன்: சரி பெரியப்பச்சி. பேர் 4 பேருக்குத்தான் தெரியும்

உமையாள்: நாளைக் காலையில அவங்க வர்றப்ப கேட்டுருங்க

லெட்சுமணன் (சென்னை): எல்லாருக்கும் பொதுவா 'சாலையோர வியாபாரி'ன்னு போட்டா என்ன? சர்க்கார்ல அதுதானே

முத்தையா பெரியப்பச்சி: அது 2014 சட்டத்துக்குப் பொருந்தும். அதுல நடந்து விக்கிறவங்களும் உண்டு. ஆனா வார்த்தையைக் கேட்டா ரோட்டோரம் உக்கார்ந்திருக்கவங்கதான் மனசுல வருவாங்க. உக்கார்ந்து விக்கிறது தரைக்கடை. நம்ம வாசலுக்கு வர்றவங்க தலைச்சுமை, சைக்கிள், தள்ளுவண்டி, மூட்டை. ஜவுளி மூட்டைக்காரர் தவணைக்குக் குடுப்பார், பாத்திரக்காரர் பழசுக்குப் புதுசு மாத்துவார். அதனால 'வியாபாரி'ன்னு ஒரே சொல்லுல அடைக்காதே. அப்படி அடைச்சதுலதான் ரெண்டு பேர் விட்டுப் போயிருக்காங்க.

உமையாள்: யாரு?

முத்தையா பெரியப்பச்சி: சாணை பிடிக்கிறவர், ஈயம் பூசுறவர். அவங்க பொருள் விக்கல, வேலை செஞ்சு கூலி வாங்குறாங்க. ஆக 17 பேர், வேட்டி 8.

மெய்யம்மை ஆச்சி: ஐயோ ஈயம். பித்தளை அண்டா நாலும் ஈயம் போய்க் கிடக்கு

முத்தையா பெரியப்பச்சி: அப்ப அவரை ஒரு வாரம் முன்னாடியே வரச் சொல்லணும். புளியும் மணலும் போட்டுப் பளிச்சுனு தேய்க்கணும். அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தா ஈயம் ஒட்டாம திட்டுத் திட்டா நிக்கும். பிறகு சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால இழுக்கணும். ஈயம் போன பாத்திரத்துல சாம்பார் வச்சா புளிப்புக்குக் களிம்பு இறங்கிடும்.

தெய்வானை: அண்டா இரண்டாம் கட்டுல. சாவி?

பழனியப்பன்: மேலப்பங்கு வீட்டுல

மெய்யம்மை ஆச்சி: நான் போய்க் கேக்கமாட்டேன்

லெட்சுமணன் (சென்னை): ஆச்சி இன்னுமா 😄

உமையாள்: வெத்தலை எவ்வளவு? பூக்காரம்மாகிட்டயே சொல்லிடலாமா?

முத்தையா பெரியப்பச்சி: 400 பேர், ஆளுக்கு 2. 800 வெத்தலைன்னா 8 கவுளி. கிழிசல் கழிய 10 சொல்லு. கொடிக்கால்காரர் பயிர் பண்றவர், மண்டிக்காரர் மொத்தமா எடுத்துக் கைமாத்துறவர், கூடையில கொண்டு வர்றவங்க சில்லறை. 10 கவுளின்னா மண்டிக்கே போகலாம். ஆனா தினமும் வாசலுக்கு வர்றவங்க கையால வாங்கறதுதான் முறை. அவங்களே மண்டியில எடுத்துத் தருவாங்க. ரெண்டு நாள் முன்னாடி அச்சாரம் குடுத்துடு. வந்ததும் தண்ணி தெளிச்சு ஈரத்துணியில சுத்தி நிழல்ல வை. தண்ணி தேங்கினா அழுகும். பூவை முழத்துல கேக்காதே, ஆளுக்கு ஆள் முழம் மாறும். உதிரிப்பூவா எடை போட்டு வாங்கிக் கட்டக் குடு.

தெய்வானை: 👍 கொசுறு கேக்கணுமா

மெய்யம்மை ஆச்சி: போணி நேரத்துல பேரம் பேசாதே, அது போதும்

லெட்சுமணன் (சென்னை): உப்பு வண்டிக்காரருக்குப் பழைய பேரு உமணர்தானே?

முத்தையா பெரியப்பச்சி: ஆமா. கூட்டமா வண்டி கட்டிப் போவாங்க. வழியில அச்சு முறிஞ்சா மாத்த, வண்டிக்கு அடியில சேம அச்சு ஒண்ணு கட்டியிருப்பாங்கன்னு புறநானூறு சொல்லுது. அப்படிக் கூட்டமாப் போறது 'சாத்து'. சிலப்பதிகாரத்துல கோவலனோட அப்பா மாசாத்துவான்ங்கற பேரு அதுலருந்து வந்ததுதான். கண்ணகியோட அப்பா மாநாய்கன் கடல் வணிகர். தானியம் விக்கிறவர் கூல வாணிகர், துணி விக்கிறவர் அறுவை வாணிகர்.

லெட்சுமணன் (சென்னை): அறுவை 🤣

முத்தையா பெரியப்பச்சி: சிரிக்காதே, அறுவைன்னா துணி. நம்ம ஜவுளி மூட்டைக்காரருக்கு அந்தப் பேரைப் போட்டா அழகா இருக்கும்.

பழனியப்பன்: வேணாம் பெரியப்பச்சி, அவரு தப்பா நினைச்சுக்குவாரு

முத்தையா பெரியப்பச்சி: அதுவும் சரிதான். ஜவுளிக்காரர்னே இருக்கட்டும்.

மெய்யம்மை ஆச்சி: சேலை கண்டாங்கிதானே

தெய்வானை: 9 கண்டாங்கிக்குச் செலவு யாரு பங்குல?

உமையாள்: அதை அப்பச்சி வந்ததும் பேசிக்கலாம். கவர் பையனை நாளைக்கு வரச் சொல்லிட்டேன், 17 பேரும் கிடைக்கட்டும்

பழனியப்பன்: சாணை பிடிக்கிறவர் மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவாரு. எந்த ஊருன்னு யாருக்காவது தெரியுமா?

தெய்வானை: மேலப்பங்குல கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்

பழனியப்பன்: அப்படியே சாவியும் கேக்கவா?

மெய்யம்மை ஆச்சி: நீ கேளு