கவுதாரிக்கு விட்ட வேலியோரம்

இங்கிலாந்தில் படித்தபோது குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஒரு பண்ணைக்குப் பறவை கலைக்கும் வேலைக்குப் போவேன். வரிசையாகக் குச்சியால் புதரைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். கிளம்பிப் பறக்கும் ஃபெசன்ட் கோழிகளை எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் சுடுவார்கள். அங்கே அது சட்டப்படி நடப்பது; அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை சீசன். சுடுவதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஆனால் அந்த வயலோரமும் நாய்களும் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

ஃபெசன்ட் பெரும்பாலும் வளர்த்து விடுகிற பறவை. கோடையில் குஞ்சுகளை வலை அடைப்பில் விட்டு, கோதுமை வைத்துப் பழக்கி, அப்புறம் தோப்புக்குள் பரவ விடுவார்கள். அந்த ஊர்க் கவுதாரி கதை வேறு. வயலோரப் புல்லிலேயே முட்டையிட்டுப் பொரிக்கும். முதல் இரண்டு வாரம் குஞ்சுக்குப் பூச்சிதான் சாப்பாடு. களைக்கொல்லி அடித்தால் களையோடு பூச்சியும் போய்விடும், குஞ்சு பட்டினியில் சாகும். அதனால் கோதுமை வயலைச் சுற்றிச் சில மீட்டர் மருந்தே படாமல் விட்டிருந்தார்கள்.

பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பியதும் எங்கள் கடலைக்காட்டில் இதைச் செய்யலாம் என்றேன். கிளுவை வேலியை ஒட்டக் கழித்து, அடியில் மருந்தடித்து வைப்பது அப்பாவின் பழக்கம். "தோட்டம் பொதராட்டங் கெடந்தா பாக்கறவீங்க என்னம்பாங்க?" என்றார். சரி, மேற்கு வேலி மட்டும் என்று பேசி முடித்தோம். அடுத்த மழைக்குப் பிறகு அங்கே புல் முழங்காலுக்கு நின்றது. ஒரு காலை தாய்க் கவுதாரி மட்கிய பனையோலையைக் கிளற, கோழிக்குஞ்சை விடச் சின்னதாக நாலைந்து, சிதறிய கரையானை முண்டியடித்துப் பொறுக்கின. வேலிக்கு இந்தப் பக்கம் மூச்சடக்கி நின்ற அப்பா அதன் பிறகு அந்த வேலியில் அரிவாள் வைக்கவில்லை.

அடுத்தது நாய். எங்கள் பக்கம் கடலைக்கு மயில் தொல்லை, விரட்டலாம், தொடக்கூடாது. அங்கே ஸ்பேனியல் நாய் பறவையைக் கிளப்பிவிட்டு, அது எழுந்த நொடியே உட்கார்ந்துவிடும். எங்கள் நாட்டு நாய்க்கும் அதைத்தான் பழக்கினேன். கழுத்தில் நீளக் கயிறு, துணி அடைத்த பழைய சாக்ஸ், ஒரு விசில், இவ்வளவுதான். சாக்ஸை எறிந்ததும் விசில். நாய் உட்கார வேண்டும். சொன்ன பிறகுதான் போய் எடுக்கலாம். நாட்டு நாய்க்கு இது வராது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, பொறுமைதான் வேண்டும். இப்போது மயில் எழுந்தால் குந்திக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறது. ஆனாலும் கவுதாரி அடைகாக்கும் காலத்தில், சித்திரையிலிருந்து புரட்டாசி வரை, மேற்கு வேலிப் பக்கம் விடுவதில்லை.

கண்ணி வைக்க வரும் பையன்களுக்கு ஒன்று: 1972 வனவிலங்குச் சட்டத்தில் கவுதாரி முட்டையைக் கலைப்பதும் வேட்டைதான். கறிதான் வேண்டுமென்றால் பண்ணைகளில் ஜப்பான் காடை கிடைக்கிறது. ஆறு வாரத்தில் தயார்.