டீசால்டரிங் ஸ்டேஷன் ஃபில்டரில் பஞ்சு வைக்கச் சொன்னது யார்?

பாளை பழைய ரேடியோ:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஸ்டேஷன் ஈயம் உறிஞ்சவில்லை என்றால் மெடிக்கல் கடையில் பஞ்சு வாங்கி ஃபில்டரில் சுருட்டி வை, ஒரிஜினல் வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் மேஜையில் நிற்பது ஹாக்கோ 474, போர்டில் ஒட்டின சால்டர் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்கிற டீசால்டரிங் ஸ்டேஷன். பழைய மிஷின்தான், ஆனால் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பவர் சப்ளை போர்டில் பெரிய கெப்பாசிட்டர் காலை விடுவித்து, ஓட்டையையும் சுத்தமாக்கிக் கொடுக்கும். உறிஞ்சுகிற முனை, அதாவது நாசில், 350 டிகிரியில் இருக்கும்போது உருகின ஈயமும் ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவுகிற பசை) புகையும் உள்ளே பாய்கிறது, அதன் எதிரே பருத்திப் பஞ்சா? அங்கே கம்பெனிக்காரன் செராமிக் பேப்பர் வைத்திருப்பது சூடு தாங்கத்தானே? பஞ்சு கருகும். கருகாவிட்டால் ஃபிளக்ஸில் நனைந்து கட்டியாகி காற்றை அடைக்கும்.

தென்காசி சாரல்:
எழுதியது நான்தான் அண்ணாச்சி, "ஒருவர்" என்று மறைத்துத் திட்ட வேண்டாம். என் ஸ்டேஷனில் பஞ்சுதான் இருக்கிறது, கருகவில்லை. லேசாகப் பழுப்பானதும் எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைக்கிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரிஜினலுக்குச் சொல்லி வைத்து, பார்சல் வரும்வரை கஸ்டமரைக் காக்க வைத்தால் அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். உங்களுக்குப் பொழுதுபோக்கு, எனக்குப் பிழைப்பு.

காத்தாடி போர்டு:
ராதாபுரம் பக்கம் காற்றாலை கன்ட்ரோல் போர்டுகள் பார்க்கிறவன் நான். இரண்டு பேரும் எந்த ஃபில்டரைச் சொல்கிறீர்கள்? கையில் பிடிக்கிற துப்பாக்கி மாதிரியான பாகத்தில், குழாயின் பின்பக்கம் ஒன்று, ஸ்டேஷனில் ஹோஸ் மாட்டுகிற இடத்தில் ஒன்று. முதலாவது சூட்டை நேராக வாங்கும். ஹோஸ் தாண்டி வருவதற்குள் காற்று ஆறிவிடும். அதைப் பிரித்துச் சொன்னால் பாதிச் சண்டை தீரும்.

பாளை பழைய ரேடியோ:
எந்த ஃபில்டராக இருந்தால் என்ன, பஞ்சு பஞ்சுதான். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையிலிருந்து வந்த ஸ்டேஷனை நானே பிரித்தேன். பம்ப் தலையைக் கழற்றினால், வால்வு மடலுக்கு அடியில் ஒரே ஒரு இழை, ஃபிளக்ஸ் பசையில் ஒட்டி, மயிரிழை மாதிரிக் கிடக்கிறது. மடல் அந்த ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, உட்காரவில்லை. மோட்டார் சத்தம் போடுகிறது, இழுவை இல்லை. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு மடலைத் துடைத்து, இழையைச் சாமணத்தால் எடுத்துப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. இழை எங்கிருந்து வந்தது? பஞ்சிலிருந்து!

தென்காசி சாரல்:
அந்தக் கடைக்காரர் பஞ்சு வைத்ததாக உங்களிடம் சொன்னாரா? ஹோஸுக்குள் போன துணி நூலாக இருக்கும். பழைய பம்பில் காற்றை இழுக்கிற டயாஃப்ரம் ரப்பர் சவ்வு காய்ந்து விறைத்துப் போயிருக்கும், பின்பக்க சிலிக்கோன் ரப்பர் வெடித்திருக்கும், அதையெல்லாம் பார்க்காமல் பஞ்சின் தலையில் பழியைப் போடுவது எந்த ஊர் நியாயம்?

டவுண் அயர்ன்:
இழுவை இல்லை என்றால் முதலில் ஹோஸைத் துப்பாக்கியிலிருந்து பிடுங்கி, பம்பை ஓடவிட்டு, முனையைக் கட்டைவிரலால் மூடிப் பாருங்கள். விரலைக் கவ்வினால் பம்பும் ஸ்டேஷன் பக்கமும் நல்லாயிருக்கிறது, அடைப்போ ஒழுக்கோ துப்பாக்கியில். கவ்வாவிட்டால் ஸ்டேஷன் பக்கம். நாசிலுக்குள் கிளீனிங் பின் விடுவதென்றால் சூடான பிறகு மட்டும் விடுங்கள், ஆறின ஈயத்தில் குத்தினால் பின் முறியும். வேலை செய்யும்போதும் நாசிலைத் தூக்கின உடனே டிரிகரை விடாதீர்கள், ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தால் ஈயம் நாசில் பக்கம் உறைந்து அடைக்காமல் உள்ளே போய்ச் சேரும். அப்புறம் டயாஃப்ரம் விறைத்திருந்தால் ஒரு சொட்டு மிஷின் ஆயில்...

பாளை பழைய ரேடியோ:
ஆயிலா! ரப்பரில் மிஷின் ஆயில் விட்டால் ஊதிப்போகும் ஓய். ஒருவர் பஞ்சு, ஒருவர் ஆயில், இனி விளக்கெண்ணெய்தான் பாக்கி. இப்படித்தான் போன வருஷம் ஜப்பான் மிஷினுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போதும் என்று சாரல் தம்பி சொன்னார். 100 வோல்ட் ஹீட்டரில் 110 கொடுத்தால் 21 சதவீதம் கூடுதல் பவர் ஏறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தென்காசி சாரல்:
பதில் அப்போதே சொன்னேன், நீங்கள் படிக்கவில்லை. சென்சார் இருக்கிறது, சூடு ஏறினால் ஹீட்டரை நிறுத்தும். என் மிஷின் இன்றைக்கும் ஓடுகிறது. திருநெல்வேலிக்காரர்கள் ஒன்றைச் சொன்னால் அதுதான் வேதம், தென்காசிக்காரன் சொன்னால் தப்பு.

டவுண் அயர்ன்:
ஊரை எதற்கு இழுக்கிறீர்? 2019-லேயே தனி மாவட்டம் ஆகிவிட்டீர்களே, இன்னும் என்ன குறை?

தென்காசி சாரல்:
ஊரை இழுத்தது நானா? "எந்தச் சின்ன ஊர்க் கடையில் கற்றார்" என்று போன மாதம் எழுதினது யார்? நான் மறக்கவில்லை அண்ணாச்சி.

பாளை பழைய ரேடியோ:
எழுதினேன், இன்னும் சொல்வேன். வேலை தெரிந்தவன் ஊரைப் பார்க்கமாட்டான், ஃபில்டரைப் பார்ப்பான். காசு கம்மி என்றால் அதற்கும் வழி உண்டு. செராமிக் பேப்பரை ஷீட்டாக வாங்கி, பழைய ஃபில்டர் அளவுக்கு வட்டமாக வெட்டி வையுங்கள், வெட்டும்போது நல்ல தூசி மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தூசி நல்லதில்லை. ஈயம் சேரும் குழாயை நிரம்பவிடாமல் கொட்டுங்கள். இதை நான் எத்தனை பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒருவனாவது பஞ்சு என்று வாய் திறந்திருப்பானா?

காத்தாடி போர்டு:
மறுபடியும் கேட்கிறேன். சாரல், நீங்கள் பஞ்சு வைத்திருப்பது துப்பாக்கியிலா, ஸ்டேஷனிலா? ஹாக்கோ 808 மாதிரி பம்பே துப்பாக்கிக்குள் இருக்கிற மாடல் என்றால் கதை வேறு.

தென்காசி சாரல்:
வைக்க வேண்டிய இடத்தில்தான் வைத்திருக்கிறேன். இன்றைக்குக்கூட ஈயமில்லாத சால்டர் போட்ட போர்டு ஒன்று முடித்தேன். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த சாதா 63/37 சால்டர் 183 டிகிரியில் உருகும், இது 217 தாண்டித்தான் இளகும், நாசிலை அதற்கும் நன்றாக மேலே ஏற்றி வைத்து இழுத்தேன். பஞ்சு அப்படியே இருக்கிறது. வந்து பாருங்கள்.

பாளை பழைய ரேடியோ:
வந்து பார்க்க என்ன இருக்கிறது, பம்பைப் பிரித்து வால்வின் அடியைப் படம் எடுத்துப் போடும். பழுப்புப் பஞ்சைப் போட்டு ஏமாற்ற வேண்டாம்.

தென்காசி சாரல்:
ஓடுகிற பம்பை உமக்காகப் பிரிக்க முடியாது. முதலில் உம்முடைய இழையின் படத்தைப் போடும்.

மூலைக்கரை மாணவன்:
அண்ணாச்சி, நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். 474-க்கு 1 மில்லிமீட்டர் நாசில் நம்ம பக்கம் எங்காவது கிடைக்குமா?

பாளை பழைய ரேடியோ:
கிடைக்கும் தம்பி, என்னிடமே ஒன்று உபரியாக இருக்கிறது. உன் ஃபில்டரில் என்ன வைத்திருக்கிறாய், அதை முதலில் சொல்.