தகைவிலானா, உழவாரனா?

முத்து (கேள்வி):
நேற்றுக் காலை எங்கள் ஊர்க் கோயில் பிராகாரத்தில் ஒரு குருவி விழுந்து கிடந்தது. கருப்பு உடம்பு, வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை, தொண்டையும் வெள்ளை. கையில் எடுத்தால் விரலில் உட்காரவே இல்லை. சட்டையில் நகத்தைப் பதித்துத் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் பறந்துவிட்டது. வீட்டில் தகைவிலான் என்கிறார்கள், நண்பன் உழவாரன் என்கிறான். இரண்டும் ஒரே குடும்பம்தானே அண்ணாச்சி?

செல்லையா:
தம்பி, சட்டையில் தொங்கியது என்றீர்களே, அங்கேயே விடை இருக்கிறது. அது நாட்டு உழவாரன். கோபுரப் பொந்துகளிலும் பாலத்தடியிலும் கூட்டமாகக் கூடு கட்டும். தகைவிலானுக்கு மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. அதனால் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். உழவாரனுக்கு நாலு விரலையும் முன்பக்கம் திருப்ப முடியும். சுவரில் தொற்றத்தான் அந்தக் கால், கம்பியில் உட்கார அல்ல.

குடும்பமும் வேறு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1758-இல் ஐரோப்பிய உழவாரனைத் தகைவிலான்களோடு சேர்த்து 'ஹிருண்டோ ஏபஸ்' என்று பெயரிட்டார். ஏபஸ் என்றால் காலில்லாதது. 1777-இல் ஸ்கோபோலி என்ற இயற்கையியலாளர் அந்தப் பெயரையே தனிப் பேரினமாக்கினார். வானத்தில் பூச்சி பிடிக்கும் ஒரே தொழில் இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான். உழவாரனுக்கு உண்மையான சொந்தம் அமெரிக்கக் கண்டங்களின் ஹம்மிங்பேர்டு! இரண்டுக்கும் மேற்கை எலும்பு குட்டை, கைப்பகுதி எலும்பு நீளம்.

எங்கள் பக்கம் பனை உழவாரன்தான் அதிகம். தாத்தா பனையேறி. காவோலை வெட்டும்போது அடிப்பக்கத்தில் கூடு இருந்தால் அந்த ஓலையை விட்டுவிடுவார். நான் ஒன்றைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்: எச்சிலால் ஒட்டிய இறகு, பஞ்சு, முட்டையும் எச்சிலாலேயே ஒட்டியிருந்தது. காற்றில் ஓலை ஆடினாலும் விழாது. அந்த மரங்கள் இப்போது பாதி இல்லை. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கலா:
பழைய புத்தகத்தில் முத்து சொல்லும் பறவைக்கு 'ஹவுஸ் ஸ்விஃப்ட்' என்று இருக்கிறது. புதியதில் 'லிட்டில் ஸ்விஃப்ட்'. எது சரி? அப்புறம், குற்றாலம் பக்கம் காய்ந்த மரக்கிளையில் கொண்டையோடு உட்கார்ந்திருந்த ஒன்றையும் உழவாரன் என்றார்களே?

செல்லையா:
இப்போது லிட்டில் ஸ்விஃப்ட்தான் சரி, அம்மா. முன்பு ஆசியாவில் நமக்குக் கிழக்கே உள்ள உழவாரனையும் நம்முடையதையும் ஒரே இனமாக, ஏபஸ் அஃபினிஸ் என்ற அறிவியல் பெயரில் வைத்திருந்தார்கள். கிழக்கத்தியதை ஏபஸ் நிபாலென்சிஸ் என்று பிரித்தபோது ஹவுஸ் ஸ்விஃப்ட் என்ற பெயர் அதோடு போய்விட்டது. பனை உழவாரனையும் இப்படித்தான் ஆப்பிரிக்க இனத்திலிருந்து பிரித்தார்கள்.

நீங்கள் பார்த்தது கொண்டை உழவாரன். கிளையில் உட்கார்ந்தது என்பதே அடையாளம். அது மர உழவாரன் வகை; மர உழவாரன்கள் தனிக் குடும்பம். கிளையோரத்தில் சின்னக் கிண்ணம் மாதிரி கூடு, ஒரே முட்டை. அடுத்த முறை போனால் அந்த மரத்தைத் தள்ளி நின்று பாருங்கள், கூடு மரப்பட்டையின் முடிச்சு மாதிரிதான் தெரியும்.