ஊர்த் திருவிழாக்களில் பெண் வாக்குரிமை: கேலியை எதிர்ப்பாகக் கொள்ளலாமா?

கேள்வி:
முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில், இங்கிலாந்துச் சிற்றூர்களின் திருவிழா ஊர்வலங்களைக் காட்டும் அஞ்சலட்டைகளைப் பார்த்து வருகிறேன். மருத்துவமனைக்கு நிதி திரட்டிய ஊர்வலங்களில்கூட, பாவாடையும் பெரிய தொப்பியும் அணிந்த ஆண்கள் ‘பெண்களுக்கு வாக்கு’ என்ற பதாகையுடன் நிற்கிறார்கள். போலீஸ் வேடமிட்ட ஒருவர் அவர்களைப் பிடித்திருக்கிறார். அந்த ஊரே பெண் வாக்குரிமையை எதிர்த்தது என்று இதை வைத்து எழுதலாமா?

பதில் 1:
எழுத முடியாது என்றே கருதுகிறேன். பார்த்த மாத்திரத்தில் கூட்டம் அடையாளம் காணும் உருவமே வேடதாரிக்குத் தேவை. கைதுகளும் சிறை உண்ணாவிரதங்களும் செய்தித்தாள்களை நிறைத்த அக்காலத்தில் அது எளிதாகவே கிடைத்தது. ஆயினும் அந்த உருவம் தீங்கற்றதன்று. முகம் கடுத்த முதிர்கன்னி, அல்லது அழும் குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டுக் கூட்டத்திற்குப் போகும் மனைவி என்றே அது திரும்பத் திரும்ப வந்தது. பெண்கள் வாக்கு கேட்டதற்கான காரணம் அந்த வேடிக்கையில் தலைகாட்டவே இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

பதில் 2:
மேடையின் மறுபக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1908-இல் தொடங்கிய நடிகையர் வாக்குரிமைக் கழகம் இதே சிரிப்பைத் தன் பக்கம் திருப்பியது. சிசிலி ஹாமில்டனும் கிறிஸ்டோபர் செயின்ட் ஜானும் எழுதி 1909-இல் அரங்கேறிய ‘வாக்கு எவ்வாறு வெல்லப்பட்டது’ என்னும் குறுநாடகத்தில், பெண்களை ஆண்களே காப்பாற்றுவதால் அவர்களுக்கு வாக்கு எதற்கு என்று அரசு கேட்க, பெண்கள் வேலையை விட்டுவிட்டு நெருங்கிய ஆண் உறவினர் வீட்டில் போய் அமர்கிறார்கள். சகோதரி, அத்தை எனப் பெண்கள் வந்து நிறைந்ததும், பிரிக்ஸ்டனில் வசிக்கும் குமாஸ்தா ஹொரேஸ் கோல் தானே வாக்குரிமைக்காகக் கிளம்பிவிடுகிறார்.

ஹாமில்டன் எழுதி எடித் கிரெய்க் இயக்கிய ‘மாபெரும் பெண்களின் அணிவகுப்பு’ இன்னும் முக்கியமானது. வெளியூர்களில் அது நடந்தபோது, நீதி, பெண், தப்பெண்ணம் ஆகிய முதன்மைப் பாத்திரங்களைத் தொழில்முறைக் கலைஞர்கள் ஏற்க, ஜோன் ஆஃப் ஆர்க், புளோரன்ஸ் நைட்டிங்கேல் போன்ற வேடங்களில் உள்ளூர்ப் பெண்களே நின்றார்கள். தமக்குத் தெரிந்தவர்கள் முன்னிலையில், சொந்தப் பெயர் நிகழ்ச்சிநிரலில் அச்சாக, அப்படி நிற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

பதில் 3:
உங்கள் அஞ்சலட்டைகளின் பின்புறம் எழுதப்பட்டிருக்கும் செய்திகளையும், அதே வாரத்து உள்ளூர் இதழில் வந்த வாசகர் கடிதங்களையும் பாருங்கள். வேடமிட்டவரின் நோக்கத்தைப் படம் சொல்லாது. பார்த்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இவற்றில் தடயம் கிடைக்கலாம்.