மேனிஃபெஸ்ட்: ‘ஏற்றுபட்டியல்’ என்ற சொல்லுக்காக

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம். கப்பலில் ஏற்றிவருபவற்றை எழுதிக் கப்பல் தலைவர் சுங்கத்துக்குக் காட்டும் ஆவணம்தான் மேனிஃபெஸ்ட். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> மேனிஃபெஸ்டுக்குச் ‘சரக்குப் பட்டியல்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதிது எதற்கு?

இன்றைய கன்டெய்னர் கப்பலுக்கு ஐயா சொல்வது பொருந்தும். அங்கே அந்தச் சொல்லே இருக்கட்டும். நாம் இப்போது தொகுப்பது கரீபியன் தீவுகளுக்கும் அமெரிக்கத் துறைமுகங்களுக்கும் இடையே நடந்த பழைய பாய்மரக்கப்பல் வணிகத்துக்கான சொற்களை. அந்தக் கப்பல்களின் மேனிஃபெஸ்டில் சரக்கோடு ஆட்களும் இருக்கிறார்கள்.

1799 மார்ச்சில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சுங்கச் சட்டத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலின் தலைவர் மேனிஃபெஸ்டில் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. எந்தத் துறையில் ஏற்றியது, ஒவ்வொரு பொதியின் குறியும் எண்ணும், யார் பேருக்கு வருகிறது என்பவை முதலில். அடுத்து பயணிகளின் பெயர்கள், அவர்கள் கேபினில் வந்தார்களா கீழ்த்தட்டில் வந்தார்களா, அவர்களுடைய மூட்டை முடிச்சுகள். கடைசியாக, கப்பலில் மிஞ்சியிருக்கும் உணவுப்பொருள். எல்லாம் ஒரே ஆவணத்தில். ஜமைக்காவின் ரம்மும் சர்க்கரையும் மேலே, பயணியின் பெயர் கீழே. பயணிகளுக்கெனத் தனிப் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்ற விதி 1819ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 1820 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ‘பயணியர் பட்டியல்’ என்ற சொல்லை 1820க்குப் பிந்தைய ஆவணங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்னை உறுத்துவது இன்னொரு வகை மேனிஃபெஸ்ட். அடிமை இறக்குமதியை 1808 ஜனவரி 1 முதல் தடைசெய்த 1807ஆம் ஆண்டுச் சட்டம், உள்நாட்டு அடிமை வாணிபத்தை விட்டுவைத்தது. 40 டன்னோ அதற்கு மேலோ உள்ள கப்பலில் அடிமைகளைக் கரையோரமாக ஒரு துறைமுகத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோனால் மேனிஃபெஸ்டை இரண்டு படிகள் எழுத வேண்டும் என்றது. பெயர், பால், வயது, உயரம், தோல்நிறம், உரிமையாளர் அல்லது அனுப்புபவர் பெயர், அவர் ஊர். அந்த அடிமைகள் 1808 ஜனவரி 1க்குப் பிறகு இறக்குமதியானவர்கள் அல்லர் என்று கப்பல் தலைவரும் அனுப்புபவரும் சத்தியம் செய்ய வேண்டும். இதற்குச் ‘சரக்குப் பட்டியல்’ என்று பெயர் வைத்தால், அந்த மனிதர்களைச் சரக்கென்று தமிழில் நாமே எழுதியவர்கள் ஆவோம். ‘பயணியர் பட்டியல்’ என்றால் காசு கொடுத்து விரும்பி ஏறியவர்கள் போலாகிவிடும். அது அதைவிடப் பெரிய பொய்.

> அன்றைக்கு அவர்களைச் சரக்காகத்தானே நினைத்தார்கள்? அதை மறைக்கலாமா?

மறைக்கக் கூடாது. பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த கால நியூயார்க்கின் கப்பல் பதிவேடுகளில் ரம் பீப்பாய்களும் கறுப்பின மனிதர்களின் எண்ணிக்கையும் சரக்கு என்ற ஒரே கட்டத்துக்குள் வருகின்றன. அந்தக் கட்டத்தின் தலைப்பை ‘சரக்கு’ என்றே மொழிபெயர்ப்போம், ஏனென்றால் எழுத்தர் எழுதியது அது. ஆவணத்துக்கு நாம் வைக்கும் பெயர் வேறு விஷயம். அதற்கு நாம்தான் பொறுப்பு.

வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘கலப்பட்டியல்’ கேட்க அழகு, ஆனால் கண் அதைக் ‘கலப்படம்’ என்று படித்துவிடுகிறது. ‘கப்பல் பட்டியல்’ கப்பல்களின் பட்டியல் ஆகிவிடும். ‘பட்டோலை’ எனக்கு மிகவும் பிடித்த பழஞ்சொல். கல்லூரி மாணவருக்கு அதையே முதலில் விளக்க வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை ‘ஏற்றுபட்டியல்’. லாரியில் சரக்கு ஏற்றுகிறோம், பஸ்ஸில் ஆள் ஏற்றுகிறோம். இரண்டுக்கும் ஒரே வினை. தமிழின் தன்வினை, பிறவினை வேறுபாடும் இங்கே கைகொடுக்கிறது. பயணி ஏறியவர். அடிமையாக்கப்பட்டவர் ஏற்றப்பட்டவர். 1793 ஜூலையில் செயின்ட் டொமிங்குவிலிருந்து (இன்றைய ஹைட்டி) தப்பி அமெரிக்காவின் பால்டிமோருக்கு வந்த கப்பல்களைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு இல்லாமல் முடியாது. தோட்ட முதலாளியும், அவர் கூட்டிவந்த அடிமைகளும் ஒரே கப்பலில் வந்து இறங்கினார்கள். ‘ஏறியோர்’, ‘ஏற்றப்பட்டோர்’ என்று இரண்டு உள்தலைப்பு வைத்தால், நிலைமை ஒரே பார்வையில் விளங்கும்.

பீப்பாய் வகைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டியர்ஸ் 42 காலன், ஹாக்ஸ்ஹெட் 63 காலன், பஞ்சன் 84 காலன். இவை அளவுப் பெயர்கள், அதனால் ஒலிபெயர்ப்பே நல்லது. எல்லாவற்றையும் ‘பீப்பாய்’ என்று எழுதினால் கணக்கு உதைக்கும்.

‘ஏற்றுகூலி’ போல வினைத்தொகையாகக் கொண்டு வல்லினம் மிகாமல் எழுதியிருக்கிறேன். ‘ஏற்றுப்பட்டியல்’ என்று ஒற்று வர வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். சொல்லைப் பட்டியலில் சேர்க்கும் முன் அதை முடிவு செய்துகொள்ளலாம்.